ஒரு வீடு, ஒன்றரை வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சொத்து வரி உயர்வைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் எழுத வந்தது வேறு. வரி கூடுதலா குறைவா என்ற பேச்சுக்கு முன்னால், எத்தனை வீட்டுக்கு வரி என்பதிலேயே ஒரு குளறுபடி நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடு இரண்டை நடுச்சுவரை எடுத்து ஒரே வீடாக்கிக் குடியிருப்பவர்கள் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீட்டை ஒருவரே திரும்ப வாங்கியிருப்பார். அடுக்குமாடியில் ஒட்டினாற்போல இருக்கும் ஃபிளாட் இரண்டையும் ஒரே குடும்பம் வாங்கியிருக்கும். குடியிருப்பு வாரியத்தில் ஒதுக்கீடு வாங்கின சின்ன வீட்டுக்குப் பக்கத்து வீடு விலைக்கு வந்திருக்கும், பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்களே என்று கடன் வாங்கியாவது வாங்கிப் போட்டிருப்பார்கள். இவர்களில் பலருக்கு உள்ளாட்சியின் வரிக் கணக்கில் இன்றைக்கும் இரண்டு வீடுதான். அதை ஒன்றாக்கித் தாருங்கள் என்று போய்க் கேட்டவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். தாத்தா கட்டியது. அவருக்குப் பிறகு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகமானது. கூடத்தின் நடுவே ஒரு சுவர் வைத்தார்கள், சித்தப்பா பக்கம் தனியாக ஒரு வாசல் திறந்தார்கள், அவ்வளவுதான். பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் காட்டியதும் வரி விதிப்பை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் சிரமப்பட்டதாக அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. சித்தப்பா பிள்ளைகள் வெளியூரில் வீடு கட்டிக்கொண்ட பிறகு அந்தப் பாகத்தை நானும் என் மனைவியும் இருவர் பெயரிலும் கிரயம் வாங்கினோம். நடுச்சுவர் பிற்பாடு வைத்தது, பாரம் தாங்காத சுவர் என்பதால் எடுப்பதில் சிக்கல் இல்லை. இப்போது ஒரே கூடம், ஒரே சமையலறை, புழங்குவது ஒரே வாசல். சித்தப்பா பக்கத்து வாசலை உள்ளே செங்கல் வைத்துப் பூசி அலமாரியாக்கிவிட்டோம். தெருப்பக்கம் மட்டும் நிலையும் கதவும் அப்படியே இருக்கின்றன, சித்தப்பா ஆசையாகப் போட்ட தேக்குக் கதவு, பிடுங்க மனம் வரவில்லை. கதவுக்கு மேலே பழைய எண் தகடும் அப்படியே இருக்கிறது.

இரண்டு வரி விதிப்பையும் இணைத்துத் தரும்படி மனு கொடுத்தோம். பிரிப்பதற்கு அச்சடித்த படிவம் இருந்தது. இணைப்பதற்கு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சரி என்று எழுதிக் கொடுத்தோம். வருவாய்ப் பிரிவிலிருந்து ஒருவர் அளவெடுக்க வந்தார், மரியாதையான மனிதர், குறை சொல்ல மாட்டேன். டேப்பின் ஒரு முனையை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு மறுமுனையோடு அந்த அலமாரி வரை போய், தட்டிப் பார்த்து, "இதுக்கு அந்தப் பக்கம் வாசல்தானே சார்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். திண்ணை, மாடிப்படி, பின்கட்டு எல்லாவற்றையும் அளந்தார். அடுத்த அரையாண்டுக்கு வந்த வரிக் கேட்பு பில்லில் அப்பா பாகத்து வரி விதிப்பு எண்ணில் முழு வீட்டின் சதுர அடியும் ஏறியிருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தால், சித்தப்பா பாகத்து எண்ணுக்கும் வழக்கம்போலத் தனியாக ஒரு பில் வந்து கிடக்கிறது.

அதாவது முழு வீட்டுக்கு ஒரு வரி, அதே வீட்டின் பாதிக்கு இன்னொரு வரி. கணக்கு விளங்குவதற்காக முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். பாகம் ஒன்றுக்கு 800 சதுர அடி என்றால் இருக்கிற வீடு 1,600 சதுர அடி, வரி போடுவது 2,400 சதுர அடிக்கு. அந்த 800 சதுர அடி எங்கே இருக்கிறது என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல இருக்கே சார்" என்று பதில் வருகிறது.

விசாரித்ததில் புரிந்தது இதுதான். ஒரு வரி விதிப்பில் பரப்பைக் கூட்டுவது கீழ் நிலையிலேயே முடிகிற வேலை, வருமானம் கூடுகிறது, யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஒரு எண்ணை ரத்து செய்வது மேலிடம் வரை போக வேண்டிய கோப்பு, வருமானம் குறைகிறது, நாளைக்குத் தணிக்கையில் கேட்பார்கள். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு எண்ணை நீக்கிவிடலாம் என்றால் ஊரில் பாதி வீடு கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். அதனால் ரத்துக்கு மேலதிகாரி ஒப்புதல் வேண்டும் என்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கூட்டுவதும் நீக்குவதும் ஒரே கோப்பில், ஒரே நாளில் நடக்க வேண்டியது. ஒன்றை முடித்துவிட்டு மற்றதை மேசையில் போட்டுவைப்பது, ஆட்டைக் குட்டியோடு சேர்த்து எடைபோட்டு விலை வாங்கிவிட்டு, குட்டிக்குத் தனியாகக் காசு கேட்பது மாதிரி இருக்கிறது.

சரி, ரத்து ஆகும்வரை இரண்டாவது எண்ணுக்குக் கட்டாமல் இருக்கலாமே என்று தோன்றும். அதுவும் முடியாது. கட்டாவிட்டால் நிலுவை என்று ஏறும், தாமதத்துக்கு மாதம் 1% தனிவட்டி சேரும். சித்தப்பா பாகத்துக் குடிநீர் இணைப்பு அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கிறது, நிலுவை இருந்தால் அங்கேயும் கை வைப்பார்கள். கட்டினாலோ, "நீங்களே கட்டிக்கிட்டுதானே வர்றீங்க, அப்ப தனி வீடுதானே" என்கிறார்கள். கட்டிய பணத்தை முதல் எண்ணுக்கு வரவு வைக்கக் கேட்டால் ஒரு வரி விதிப்பில் கட்டியதை இன்னொன்றுக்கு மாற்ற வழியில்லை என்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சோதனையாக இருந்தால் உங்கள் பத்திரிகையின் இடத்தை நான் கேட்டிருக்க மாட்டேன். விதியிலேயே உள்ள ஒரு சங்கதிக்கு வருகிறேன், பலரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தினார்களே, அப்போது குடியிருப்புகளுக்கு எல்லாருக்கும் ஒரே விகிதம் இல்லை, வீட்டின் அளவைப் பார்த்து அடுக்கடுக்காகப் போட்டார்கள். சென்னையைத் தவிர்த்த மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரை 25%, 601 முதல் 1,200 வரை 50%, 1,201 முதல் 1,800 வரை 75%, அதற்கு மேல் போனால் 100%. சென்னையில் 2011க்கு முன்பே மாநகராட்சியில் இருந்த பழைய பகுதிகளுக்கு இதே அடுக்கில் 50, 75, 100, 150%. சின்ன வீட்டுக்காரரை அதிகம் வாட்டக் கூடாது என்பது நோக்கம், நல்ல நோக்கம்தான், நான் அதில் குற்றம் காணவில்லை.

ஆனால் இரண்டு வீட்டை ஒன்றாக்கும்போது என்ன ஆகிறது? மேலே சொன்ன 800 சதுர அடி பாகத்துக்குப் பழைய வரி அரையாண்டுக்கு 1,000 ரூபாய் என்று வையுங்கள். தனித்தனியாக இருந்தால் 50% உயர்ந்து 1,500 வீதம் இரண்டுக்கும் 3,000. ஒன்றாகச் சேர்த்தால் 1,600 சதுர அடி, அடுத்த அடுக்குக்குப் போய்விடுகிறது, 2,000 ரூபாய்க்கு 75% ஏறி 3,500. ஒரு செங்கல் கூட்டிக் கட்டவில்லை, சுவர் ஒன்று குறைந்துதான் இருக்கிறது, வரி 500 கூடிவிட்டது. இரண்டாவது எண்ணும் ரத்தாகவில்லை என்றால் 3,500ம் 1,500ம் சேர்ந்து 5,000. 580 சதுர அடி வீடு இரண்டைச் சேர்ப்பவர் 25% அடுக்கிலிருந்து 50% அடுக்குக்குப் போகிறார். ஆயிரம் ஆயிரம் சதுர அடி ஃபிளாட் இரண்டைச் சேர்ப்பவர் 50லிருந்து நேராக 100க்குத் தாவுகிறார். இந்த அடிப்படையின் மீதுதான் இனி வரும் உயர்வெல்லாம் ஏறும். சென்னை மாநகராட்சி மன்றம் 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 6% உயர்வுக்குத் தீர்மானம் போட்டது நினைவிருக்கும், தவறான தொகைக்கு மேல் 6% என்றால் தவறும் கூடவே வளரும்.

பெரிய வீட்டில் இருப்பவன் கூடுதலாகக் கட்டட்டும் என்று ஒருவர் சொன்னால் நான் ஒத்துக்கொள்கிறேன். 1,600 சதுர அடியில் ஒரே குடும்பமாக இருக்கிறோம், 3,500 கட்டு என்றால் கட்டுகிறேன். என் கேள்வி, ஒரே வீடு என்று வைத்துக் கூட்டி வசூலிக்கிறவர்கள் ஒரே வீடு என்பதற்குரிய மற்றதையும் தர வேண்டாமா என்பதுதான். எங்கள் வீட்டில் குப்பை ஒரு வாளிதான் சேருகிறது. திடக்கழிவு மேலாண்மைக் கட்டணம் இரண்டு எண்ணுக்கும் இரண்டாக வருகிறது. பாதாளச் சாக்கடைக் கட்டணமும் அப்படியே, உள்ளே போவது ஒரே குழாய். காலையில் வண்டி கொண்டுவரும் தூய்மைப் பணியாளருக்குத் தெரிகிறது இது ஒரு வீடு என்று, கதவு தட்டுவது ஒரு தடவைதான்.

சொந்தக் குடியிருப்பு என்பதிலும் இதே கதை. வரி நிர்ணயத்தில் சொந்தமாகக் குடியிருக்கிறீர்களா, வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. எங்கள் இரண்டாவது எண்ணில் வாடகை என்று இருந்தது. யாருக்கு வாடகைக்கு விட்டோம் என்று கேட்டதற்கு, "ஒருத்தர் எப்படி சார் ரெண்டு வீட்ல குடியிருப்பார்?" என்று திருப்பிக் கேட்டார்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன்! வருமான வரித் துறையே இந்த விஷயத்தில் பரவாயில்லை. முன்பெல்லாம் ஒருவருக்கு ஒரு வீடுதான் சொந்தக் குடியிருப்பு, இரண்டாவதை வாடகைக்கு விட்டதாகவே பாவித்து வராத வாடகைக்கும் வரி கேட்டார்கள். 2019-20 நிதியாண்டிலிருந்து இரண்டு வீடு வரை சொந்தக் குடியிருப்பாகக் காட்டலாம் என்று மாற்றிவிட்டார்கள். டெல்லியில் இருந்துகொண்டு அவர்கள் ஒத்துக்கொண்டதை, நாலு தெரு தள்ளி இருக்கிற அலுவலகம், வந்து அலமாரியைத் தட்டிப் பார்த்த பிறகும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

அடுத்தது பெயர் விவகாரம், பலர் இங்கேதான் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள். அப்பா பாகம் என் பெயரில், சித்தப்பா பாகம் என் பெயரிலும் மனைவி பெயரிலும். இரண்டும் ஒரே உரிமையாளர் பெயரில் இருந்தால்தான் இணைப்போம் என்கிறார்கள். அதற்கு ஒருவர் மற்றவருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1%, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலைக்கு முன்பு இந்த உச்சவரம்பு 25,000மும் 4,000மும்தான். எழுதிக் கொடுக்கிற பங்குக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 20 லட்சம் என்றால் 20,000 தீர்வை, 10,000 கட்டணம், ஆக 30,000 ரூபாய், எழுத்துக் கூலி தனி. அப்புறம் பட்டா மாற்றம், பிறகு வரி விதிப்பில் பெயர் மாற்றம், அதற்கும் பிறகுதான் இணைப்பு மனு. அரையாண்டுக்கு ஆயிரம் இரண்டாயிரம் அநியாயமாகப் போகாமல் இருக்க 30,000 செலவழி என்றால் யார் செய்வார்கள்? அதுவும் போக, மனைவி சம்பாத்தியத்தில் வாங்கிய பங்கை, நகராட்சிக் கணக்கு நேராக வேண்டும் என்பதற்காக என் பெயருக்கு எழுதிக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? வங்கிக் கடன் ஒரு பாகத்தின் மேல் இருந்தால் கேட்கவே வேண்டாம், மூலப் பத்திரம் வங்கியில் இருக்கும், அவர்கள் சம்மதமும் வேண்டும்.

வரி ரசீது உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பல தடவை சொல்லியிருக்கின்றன. வரி போடுவதற்கு அந்தக் கட்டடமும் அதில் குடியிருப்பவரும்தான் முக்கியம். இரண்டு பத்திரத்தில் உள்ள பெயர்களையும் ஒரே பில்லில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? கணவன் மனைவி கூட்டாக வாங்கிய வீட்டுக்கு இரண்டு பெயரில் ஒரே பில் இப்போதே வருகிறதே. யாருக்கு எத்தனை பங்கு என்ற தகராறு நாளைக்கு வந்தால் அதைப் பத்திரத்தை வைத்துத் தீர்த்துக்கொள்வார்கள், வரி ரசீதை வைத்து அல்ல.

மின்சாரத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசகர் யாராவது எழுதிக் கேட்பார். 2016லிருந்து வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு மீட்டர் இருந்தால் 200 யூனிட். ஒன்றாக்கினால் 100 போய்விடும், அதோடு மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண அட்டவணையே வேறு. இதற்காகவே சுவரை இடித்த பிறகும் வரி விதிப்பை இணைக்காமல் கமுக்கமாக இருப்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். கதவு எண் ஒன்று போனால் ரேஷன் அட்டை, எரிவாயு இணைப்பு, வாக்காளர் பட்டியல் என்று எல்லாவற்றிலும் முகவரி மாற்ற வேண்டும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. வயதான அம்மா அப்பா தனி அட்டை வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். நாளைக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் மறுபடி பாகம் கேட்டால் என்ன செய்வது என்று யோசிப்பவர்களும் உண்டு. இந்தக் காரணமெல்லாம் அவரவர் வசதி, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் இலவச யூனிட் போனாலும் பரவாயில்லை, கணக்கு உள்ளபடி இருக்கட்டும் என்று தானாக முன்வந்து மனு கொடுக்கிறவனுக்கு ஒன்றரை மடங்கு வரி, சும்மா இருந்தவனுக்குப் பழைய வரி என்றால், அடுத்த ஆள் எதற்கு வந்து மனு கொடுப்பான்?

இப்போது பல ஊர்களில் ட்ரோன் பறக்கவிட்டுக் கட்டடங்களை அளக்கிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் ஒட்டிய வீடு இரண்டும் ஒரே கூரையாகத் தெரியும். மனு கொடுக்காதவர்களுக்கும் இந்த வழியில் வினை வரலாம். முதல் எண்ணில் இருக்கும் அளவைவிடக் கூரை பெரிதாக இருக்கிறது, கூடுதலாகக் கட்டிவிட்டாய் என்று நோட்டீஸ் வந்தால், அந்தக் கூடுதல் ஏற்கெனவே இன்னொரு எண்ணில் வரி கட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நிரூபிக்கும் பாடு வீட்டுக்காரர் தலையில். பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஆளாக இருந்தால் அவரே சாட்சி. இரண்டு வீடும் நம்முடையதாக இருந்தால் சாட்சிக்கும் ஆள் இல்லை.

ஃபிளாட்காரர்களுக்கு இன்னொரு தலைவலி. ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனிக் கிரயப் பத்திரம், மனையில் தனி யு.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத பங்கு. நடுச்சுவரில் ஒரு வழி வைத்தாலே சங்கத்தின் சம்மதம், கட்டடப் பொறியாளர் கருத்து என்று போகும், தூணையோ உத்தரத்தையோ தொடக்கூடாது என்பது வேறு. அவ்வளவும் செய்துவிட்டுப் போனாலும் வரி அலுவலகத்தில் பத்திரம் இரண்டு, எனவே வீடு இரண்டு என்கிறார்கள். தனி வீட்டில் வாசலை எண்ணுகிறார்கள், ஃபிளாட்டில் பத்திரத்தை எண்ணுகிறார்கள், உள்ளே வந்து சமையலறையை எண்ண ஒருவரும் தயாரில்லை.

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998இல் வந்தது, அதற்கான விதிகள் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தன. மாநகராட்சிக்கு ஒரு சட்டம், நகராட்சிக்கு ஒரு சட்டம் என்று இருந்ததை ஒன்றாக்கியதாகச் சொன்னார்கள். அத்தனை சட்டத்தை ஒன்றாக்க முடிந்தவர்களுக்கு ஒரு வீட்டின் இரண்டு எண்ணை ஒன்றாக்க ஒரு பக்கத்தில் நடைமுறை எழுதுவது பெரிய வேலை இல்லை. நகராட்சி நிர்வாக இயக்குநரகத்திலிருந்து எல்லா உள்ளாட்சிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போதும். இணைப்புக்கென்று தனிப் படிவம், அதை இணையத்திலும் போட வேண்டும். பரப்பைக் கூட்டும் உத்தரவிலேயே மற்ற எண்ணின் ரத்தும் இருக்க வேண்டும், ஒன்று இல்லாமல் மற்றது கணினியில் ஏறவே கூடாது. ரத்தாகும் எண்ணில் முன்பணமாகவோ தவறாகவோ கட்டிய தொகை, தொடரும் எண்ணுக்கு வரவாக வேண்டும். ரத்தான எண்ணை அடியோடு அழிக்காமல் முடக்கி வைத்தால் பிற்காலத்தில் பிள்ளைகள் பிரித்துக்கொள்ளும்போது மறுபடி உயிர்கொடுக்கலாம், இதனால் பலருடைய பயமும் போகும். கடைசியாக அந்த அடுக்கு விஷயம்: 2022க்கு முன்பு கட்டி, தனித்தனியாக வரி கட்டிவந்த வீடுகளைச் சேர்க்கும்போது பழைய இரண்டு வரியின் கூட்டுத் தொகையே தொடருமா, புதிய அடுக்கு பொருந்துமா என்பதை அரசு ஒரு வரியில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இப்போது அளவெடுக்க வருகிறவரின் மனம்போல நடக்கிறது. என் தனிப்பட்ட கருத்து, கட்டடம் கூடாதபோது வரியும் கூடக் கூடாது. ஆனால் கூடும் என்று முடிவெடுத்தாலும் சரி, மனு கொடுப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிய வேண்டும்.

அதுவரை, சுவரை இடிக்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு நான் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றிரண்டை எழுதிவைக்கிறேன். இடிப்பதற்கு முன்பே இரண்டு எண்ணுக்கும் அந்த அரையாண்டு வரை பாக்கி இல்லாமல் கட்டி ரசீதை எடுத்து வையுங்கள். சுவர் இருந்தபோதும் எடுத்த பிறகும் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மனுவில் 'இணைத்துத் தரவும்' என்று மட்டும் எழுதாமல், எந்த எண் இருக்க வேண்டும், எந்த எண் ரத்தாக வேண்டும், குடிநீர் இணைப்பு எதில் தொடர வேண்டும் என்று மூன்றையும் வெவ்வேறு வாக்கியத்தில் எழுதுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுவின் நிலையையும் கோப்புக் குறிப்புகளின் நகலையும் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். அந்த மனு போனதும் கோப்பு மேசை மாறுகிறது என்பது பலருடைய அனுபவம். 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர்ப்புப் பிரிவில், 1100 எண்ணில் புகார் பதியலாம். 'சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது' என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டால் மறுபடி பதியுங்கள், சோர்ந்துவிடாதீர்கள். எதற்கும் அசையவில்லை என்றால் உள்ளாட்சி முறைமன்ற நடுவம் என்று ஒன்று 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது, உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிக்கவே ஏற்பட்டது.

கூட்டுவதற்கு ஒரு கையெழுத்து, நீக்குவதற்கு ஏழு கையெழுத்து என்ற நிலையை நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சரும் செயலாளரும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன், சுருக்கி வெளியிட்டாலும் அந்தக் கணக்கை மட்டும் விடாமல் போடுங்கள். அப்புறம் ஒன்று. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் வரி கட்டினால் 5%, அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. எங்கள் வீட்டுக்கு மறுபடி இரண்டு பில் வந்திருக்கிறது. இரண்டாவதற்கும் அந்த 30 நாளுக்குள் கட்டச் சொல்கிறார்களா, வேண்டாம் என்கிறார்களா? யாராவது எழுத்தில் பதில் தந்தால் அதன்படி செய்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
இரண்டு எண்ணுக்கும் வரி கட்டும் வாசகர்